சம்மதப் பெட்டி

நினைவு திரும்பாமல் கிடந்த சென்னியப்பனின் தலைமாட்டில் அவருடைய சம்மதப் பெட்டி இருந்தது. சோதனை மருந்தை ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் அவரிடமே அனுமதி கேட்க வேண்டும் என்பது விதி. அவர் விழித்திருந்தால் என்ன சொல்வாரோ, அதை அவர் குரலிலேயே பெட்டி சொல்லும்.

ஐந்து ஊசி போட்டாயிற்று. அவர் விரல்கள் கறுத்துவிட்டன.

"ஆறாவது ஊசி போடட்டுங்களா சார்?" என்று ஆய்வு அதிகாரி ஹரிணி கேட்டாள்.

"வேண்டாமுங்க," என்றது பெட்டி.

மனைவி வசந்தாமணிக்கு உயிர் வந்தது. "வேண்டாங்கறாரே! விட்டுருங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இருங்கக்கா." ஹரிணி மறுபடியும் கேட்டாள்.

"ஐயோ, போதுமுங்க."

"அதான் ரெண்டு தடவ சொல்லிட்டாரே கண்ணு?"

ஹரிணி ஆச்சரியமாகப் பார்த்தாள். "பெட்டி செய்யறப்ப நீங்கதானக்கா சொன்னீங்க? ரெண்டு தடவ வேண்டாம்பாரு, அது சும்மா கூச்சம், மூணாவது தடவயும் கேளுங்கன்னு."

சொல்லித்தான் இருந்தாள், சிரித்துக்கொண்டே. விருந்துக்குப் போன வீடுகளில் அவர் இலையைக் கையால் மறைப்பதைப் பற்றி.

"அது சோத்துக்குச் சொன்னது கண்ணு!"

ஹரிணி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை கேட்டாள்.

"ஏனுங்க, சரின்னு சொல்லிப்போடாதீங்க!" என்று வசந்தாமணி பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

கட்டிலில் கறுத்த கை அசையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து அவருடைய பழைய கூச்சச் சிரிப்பு கேட்டது.

"சரி, கொஞ்சமா வையிங்க."