நடையில் முதலிடம்

வீல் என்று அலறியது நர்ஸ் லொரெட்டாவின் கைபேசி. மறுநிமிடம் அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கணக்குப் பிரிவுக்குள் ஓடிவந்தாள்.

“வாலஸ், அசையாதீங்க! உங்க இதயம் தாறுமாறா துடிக்குதுன்னு உங்க பட்டை சொல்லுது!”

வாலஸின் கையிலிருந்த டோனட் கீழே விழுந்தது.

அமெரிக்காவின் ஓமாஹா நகரிலிருந்த அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் மணிக்கட்டில் பட்டை கொடுத்திருந்தார்கள். அது நடந்த அடிகளை எண்ணும், நாடியைக் கவனிக்கும். அதிகம் நடப்பவருக்கு மருத்துவக் காப்பீட்டில் சலுகை. வேண்டாம் என்று மறுத்தவன் கர்ட் ஒருவன்தான். தினமும் மதியம் ஆற்றோரம் ஓடுகிறவன். “நான் குதிரைப்பா. அதெல்லாம் நோயாளிங்களுக்கு” என்பான்.

“இந்த மாசம் நடையில நீங்க முதலிடம்னதும் அப்பவே நினைச்சேன்,” என்றாள் பக்கத்து மேசை பிரெண்டா. “இந்த உடம்பு அதைத் தாங்குமா?”

வாலஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

“நெஞ்சு வலிக்குதா?” என்றாள் லொரெட்டா.

“இல்ல... எனக்கு ஒண்ணும்...”

“எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. கையைக் காட்டுங்க.”

அவர் கையை மேசைக்கடியில் ஒளித்தார். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? எதிரே கர்ட்டின் நாற்காலி காலியாக இருந்தது.

கைபேசி மறுபடி அலறியது. லொரெட்டாவின் முகம் வெளுத்தது. “ஐயோ, இன்னும் மோசமாகுது!”

வாலஸ் துள்ளி எழுந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஆம்புலன்ஸை ஆத்தங்கரைக்குத் திருப்புங்க! என் பட்டையைக் கட்டிக்கிட்டு கர்ட்தான் அங்க ஓடிக்கிட்டிருக்கான்!”