கொம்பனுக்குத் தீனி

மத்தியான வெயில் திரையில் நேராக விழுவதால் கொம்பன் பாதிதான் தெரிகிறான். மகள் இந்த விளையாட்டில் குஞ்சிலிருந்து வளர்த்த மூன்று கொம்பு டைனோசர் அவன். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. புதியதை ஏற்றினால் பழையது போய்விடும். நான் இல்லாவிட்டாலும் பழையது நெட்டில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்; பழம் போட ஆளில்லாவிட்டால் கொம்பன் இரண்டு நாளில் செத்துப்போவான். புதியதற்கு அவனைக் கொண்டுபோகவும் முடியாது. என் விரல் மௌஸில் ஏறுகிறது, இறங்குகிறது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் பேசுகிறாள். வாரத்தில் இந்த ஒரு மத்தியானம், சேர்ந்து விளையாடும்போதுதான் அவள் குரல் வரும். “எல்லாரும் புதுசுக்கு வந்துட்டோம்பா. அங்க யாரு இருக்கா?” “ஏன், நான் மனுசன் இல்லையா?” “இதுல தண்ணியெல்லாம் நெஜம் மாதிரியே இருக்குப்பா.” “நெஜத் தண்ணி இங்க குழாயிலயே வருது.” அவள் சிரிக்கவில்லை. புதுசு என்று சொல்லி விற்கிறவனை நான் நம்புவதில்லை. ஆனால் அவள் அங்கே இருக்கிறாள். இருக்கிற பழத்தையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டு, வேலிக் கதவைத் திறந்துவிடுகிறேன். கொம்பன் வெளியே போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மகள் மெதுவாக, “கொம்பன் சாப்பிட்டானாப்பா?” என்கிறாள். மௌஸிலிருந்து கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.