பாட்டுப் போட்டவர்

"போட்டிக்கு ஆகிப் கூடப் போக ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட், திவாகரன். என் மச்சான் போறான்" என்றார் சங்கச் செயலாளர் ராஜலிங்கம்.

ஆகிபுக்கு ஒன்பது வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக் கொடுப்பவன் நான். அந்த மச்சானோ கண்டியில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்.

"ஆகிப் ஃப்ளோர்ல கரணம் அடிக்கிறப்ப யாரு பாட்டுப் போடுறது? நீங்களா? நான் டிவில பார்க்காததா?"

"சேர், இந்தப் போட்டியில..."

"வாய மூடுங்க. எனக்குச் சொல்லித் தர வேணாம்."

மூடிக்கொண்டேன். செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது?

சர்வதேசப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஆகிப் ஆறாவதாக வந்தான். ஊர் திரும்பியதும் குண்டசாலையில் பாராட்டு விழா வைத்தார்கள். முதல் மாலை மச்சானுக்கு.

மச்சான் மைக்கைப் பிடித்தார். "தம்பி அந்தரத்துல ரெண்டு சுத்துச் சுத்திக் கால் ஊன்றின அதே செக்கன்ல பாட்ட நிப்பாட்டினேன். கொஞ்சம் பிந்தியிருந்தா புள்ளி போயிருக்கும்!"

மண்டபமே கைதட்டியது. ராஜலிங்கம் என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? உங்களால இது ஏலுமா?"

"சத்தியமா ஏலாது, சேர்" என்றேன்.

அடுத்து ஆகிப் மைக்கை வாங்கினான்.

"அண்ணன் எங்க போய்ப் பாட்டுப் போட்டாரோ, எனக்குத் தெரியா. போட்டி நடந்த மண்டபத்துல நான் அவரக் காணவே இல்ல. ஃப்ளோர்ல பொம்பளைங்களுக்கு மட்டும்தான் பாட்டு. ஆம்பளைங்களுக்குப் பாட்டே கிடையாது."