கண் படாத உயரம்

அவன் ஓட்டிய விமானத்தின் வயிற்றுக்குக் கீழே அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் மனைவி. வடிவு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் பிடியை இழுப்பான். கொக்கி திறக்கும். அவளுடைய சின்ன விமானம் கழன்று விழுந்து, எஞ்சினைப் பற்றவைத்துக்கொண்டு, செங்குத்தாக ஏறி விண்வெளியின் வாசலைத் தொட்டுவிட்டு வரும்.

அவளைத் தூக்கிவந்த தாய் விமானத்தை அவன் வட்டமடித்துக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

கொண்டுபோய் விடுகிற வேலை. பள்ளிக்கூட ஆட்டோக்காரர் தினமும் செய்கிற வேலை.

போன வருடம் அந்தச் சின்ன விமானத்தில் இருந்தது அவன். கம்பெனியின் முதல் பறப்பு. பாதி ஏற்றத்தில் எஞ்சின் அணைந்துபோனது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதந்தே வந்து, தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கு நடுவில் இருக்கும் ஓடுபாதையில் மொத்தென்று இறக்கினான். விமானம் பிழைத்தது. அவன் முதுகெலும்பில் விரிசல். இனி அந்த ஏற்றத்தை உங்கள் முதுகு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்ததாக அறிவித்த பெயர், வடிவு.

கை தட்டினான். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். முதுகு வலிக்கிறது என்றான். அவள் நம்பியவள்போல் தைலம் தேய்த்துவிட்டாள்.

பொறாமைதான். இதற்கு வேறு கௌரவமான பெயர் கிடைக்குமா என்று அவனும் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

இன்று காலையில் வடிவு தன் விமானத்தைத் தனியாகச் சுற்றி வந்தாள். ஏறப் போகிறவர் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த நேரத்தில் வேறு யாரும் கிட்டே போவதில்லை. சுற்றி முடித்து வந்த பிறகுதான் சக்கரக் கதவுகளை மூடுவார்கள். போன வருடம் அவனும் அப்படிச் சுற்றியவன். இன்று தூரத்தில் நின்று வேறு பக்கம் பார்த்தான்.

பிறகு சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். விண்வெளிக்கே போனாலும், சக்கரம் என்றால் பழம் நசுங்கியாக வேண்டும். பூஜை அவளுக்கு. நசுக்கியது அவனுடைய சக்கரம்.

அதற்கும் வயிறு எரிந்தது.

வானத்தின் நீலம் கறுக்கத் தொடங்கியது.

அவனுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. தாய் விமானத்தின் அடியில் பொருத்திய கேமரா, அவள் விமானத்தின் மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. மூக்குச் சக்கரத்தை மூடியிருந்த கதவின் விளிம்பில் ஏதோ துடித்தது.

கறுப்பு நூல்.

நூலின் நுனியில் ஒரு பச்சை மிளகாய்.

உற்றுப் பார்த்தான். கடை வாசலிலும் லாரி முகப்பிலும் தொங்குமே, கண் படாமல் இருக்க, அதே சரம். பழம் உள்ளே சிக்கியிருக்க வேண்டும். கதவு நகக்கண் அளவுக்குத் திறந்திருந்தது. மேலே போய்த் திரும்பும்போது காற்று தீயாகச் சுடும். உள்ளே புக அந்த இடுக்கு போதும்.

அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்.

இன்று அவள் போக மாட்டாள்.

அடுத்த நொடியே உடம்பு கூசியது. உண்மையிலேயே இடுக்கு தெரிகிறதா? காலையிலிருந்து ஏதாவது ஒன்று கெட்டுப்போகாதா என்று அலைந்துகொண்டிருந்த கண். அதை எப்படி நம்புவது?

"வடிவு, மூக்குச் சக்கரக் கதவுல என்னமோ மாட்டியிருக்கு."

"இங்க பச்சை விளக்குதான் எரியுது. இன்னிக்கு விட்டா மழை முடியிற வரைக்கும் நாள் கிடையாது. நீங்க கொக்கிய விடுங்க."

கட்டுப்பாட்டு அறையும் பச்சைதான் என்றது. சொன்னவர் குரலில் ஒரு இழுப்பு. இவன் மனசு அங்கே யாருக்குத்தான் தெரியாது? படமோ இவன் திரையில் மட்டும்தான்.

கை பிடியின் மேல் இருந்தது.

இழுத்தால் நல்ல புருஷன். இழுக்காவிட்டால் வயிற்றெரிச்சல்காரன்.

கையை எடுத்தான்.

"விட மாட்டேன். திரும்புறேன்."

"அப்படி என்னதான் மாட்டியிருக்கு?"

"எலுமிச்சம்பழமும் மிளகாயும். திருஷ்டிச் சரம்."

அதன் பிறகு தரை இறங்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

கீழே விருந்தினர்கள் குடையை மடக்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். எஞ்சினியர் தர்மலிங்கம் ஏணி போட்டுக் கதவைத் திறந்தார். பழம் கீலில் நசுங்கிக் கிடந்தது. கதவின் உள்விளிம்பு வளைந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த அவருக்கு முகம் வெளுத்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"எவன்யா இதை இங்க கட்டினது? இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?"

கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எப்பேர்ப்பட்ட கண் சார் உங்களுக்கு என்றார் ஒருவர். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வடிவு ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு வந்தாள். தர்மலிங்கத்திடமிருந்து சரத்தை வாங்கினாள். வாடாத மிளகாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் வந்து நின்று, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் வேற இடத்துல கட்டியிருக்கணும்."

யார் கண்ணுக்கு என்று அவன் கேட்கவில்லை.