முந்நூற்று ஒன்றாவது விமர்சனம்

"உவன்தான். உவனைத் தவிர வேறை ஆரும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே பிரவீணன் மடிக்கணினியை மனைவியின் பக்கம் திருப்பினான். துஷாந்தினி கத்தரிக்காய் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

பிரவீணனின் 'மூடாக் கிணறு' என்ற கணினி விளையாட்டு விற்பனைக்கு வந்து மூன்று கிழமை. இணையக் கடையில் அதற்கு வந்த முந்நூற்று ஒன்றாவது விமர்சனம் அது. முன்னால் வந்த முந்நூறும் புகழ்மாலை. இது ஒன்றுதான் செருப்பு மாலை.

இருண்ட வீடொன்றுக்குள் அரிக்கன் லாம்போடு தனியே தாவித் தாவிப் போகும் சின்னப் பெட்டைப்பிள்ளையின் கதை அந்த விளையாட்டு. புதிரை அவிழ்த்தால் கதவு திறக்கும்; பிழைவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை நீளும். போலந்துச் சஞ்சிகை ஒன்று பத்துக்கு ஒன்பது போட்டு, 'விளையாடி முடித்த பிறகு வீட்டு விளக்கை அணைக்க மனம் வரவில்லை' என்று எழுதியிருந்தது. உடுவில் ஊரில் ஓர் அறைக்குள் இரண்டு பேர் நாலு வருடம் கிடந்து செய்த வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த இரண்டாவது ஆள் லோஜன். பள்ளிக்கூடத்தில் பிரவீணனோடு ஒரே வாங்கில் இருந்தவன். நாலு மாதத்துக்கு முன்பு கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அன்றிலிருந்து பிரவீணனுக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு.

துஷாந்தினி உரத்து வாசித்தாள். "'சலிப்பான விளையாட்டு. அந்தப் பெட்டையின் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. கிணற்றுக்கு அடியில் இருக்கும் அறையும் வீண்.' இதென்னப்பா, கிணத்துக்கு அடியிலை அறை இருக்கோ? எனக்கே தெரியாதே!"

"அதைத்தான் சொல்லுறன். அந்த அறையை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. ஒளிச்சு வைச்சது நானும் லோஜனும். நான் எழுதேல்லை. அப்ப ஆர் எழுதினது?"

"பேரும் இல்லை, வெறும் இலக்கம்தான் கிடக்கு. முப்பத்தொரு மணித்தியாலம் விளையாடினதெண்டு போட்டிருக்கு. ஐஞ்சு மணித்தியாலத்திலை முடியிற விளையாட்டெல்லே? பிடிக்காத ஆள் ஏன் இவ்வளவு நேரம் மினக்கெடுவான்?"

"எங்கை பிழை பிடிக்கலாமெண்டு தேடித் திரிஞ்சிருக்கிறான். நீர் அவனைத் தெரியாமல் கதைக்கிறீர்."

அவர்கள் இருப்பது துஷாந்தினியின் சீதன வீடு. அவளுடைய தாய் பாலேஸ்வரி மாமி, ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், விறாந்தையிலிருந்து தலையை நீட்டினார். "கச்சேரியிலை அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கினமாம், தம்பி. விண்ணப்பப் பத்திரம் உங்கடை மேசையிலை வைச்சிருக்கிறன்."

பிரவீணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம் மாமி," என்றான். மருமகன் என்ன வேலை என்று ஊரார் கேட்டால் மாமி 'கொம்பியூட்டரிலை என்னவோ' என்றுதான் சொல்வார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மகளின் பழைய மடிக்கணினியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கனடாவிலிருக்கும் தமக்கையோடு கதைக்கிறார் என்பது வீட்டாரின் எண்ணம். அன்றைக்கும் அப்படியே கதவு சாத்தப்பட்டது.

திங்கட்கிழமை சுவீடன் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் எழுதப் போகிறது. விளையாட்டு உலகம் முழுவதும் போகும்; முகப்பில் 'உருவாக்கம்: பிரவீணன், லோஜன்' என்று நிற்கும். ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்ல வேண்டும்.

"அவசரப்படாதேங்கோ. ஒருக்கால் லோஜனையே கேட்டுப் பாருங்கோவன்," என்று கெஞ்சினாள் துஷாந்தினி.

பிரவீணன் கேட்கத்தான் அழைப்பு எடுத்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது கேள்வியாக இல்லை. "உனக்கு வெக்கமில்லையோடா? கூட இருந்து செய்துபோட்டு, இப்ப களவாக் குழி பறிக்கிறாய்!"

"என்னடா மச்சான் சொல்லுறாய்? நான் ஒண்டும் எழுதேல்லை. அந்த அறையைப் பற்றி ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை."

"அப்ப கிணத்துக்குள்ளை இருந்து கை வந்து எழுதிச்சோ?"

லோஜன், "இருபது வருசமா என்னைத் தெரியும் உனக்கு. நம்பேல்லையெண்டா என்ரை பேரை எடுத்துவிடு," என்று சொல்லி வைத்துவிட்டான். குரல் உடைந்திருந்தது.

அதுவும் நடிப்பு என்றே பிரவீணனுக்குப் பட்டது. லோஜனின் பெயரை நீக்கச் சொல்லி சுவீடனுக்கு எழுதி வைத்திருந்த மின்னஞ்சலை அனுப்பியும் விட்டான்.

சாத்தியிருந்த கதவு திறந்தது. மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். "லோஜனை ஏன் தம்பி ஏசுறியள்? அதை எழுதினது நான்."

பிரவீணன் கதிரையை மாமியின் பக்கம் திருப்பினான். "நீங்களோ? மாமி, என்ரை விளையாட்டு உங்களுக்கு அவ்வளவு பிடிக்காமல் போச்சோ?"

"ஆர் சொன்னது? நாலு தரம் முழுசா விளையாடிட்டன். அந்த அறைக்கு வழி கண்டுபிடிக்க மட்டும் எட்டு நாள் எடுத்தது. எப்பிடித்தான் உங்களுக்கு இந்த மூளை வந்துதோ! அந்தக் குஞ்சுப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க ஆசையாக் கிடக்கு."

"பின்னை ஏன் மாமி அப்பிடி எழுதினனீங்கள்?" பிரவீணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமி ஒன்றும் புரியாதவர்போல மருமகனைப் பார்த்தார்.

"முந்நூறு பேரும் வடிவு, வடிவெண்டு சொன்னா பிள்ளைக்குக் கண்ணூறு, நாவூறு பட்டிடுமெல்லே, தம்பி!"