இருபத்தெட்டுப் புள்ளி

"முப்பது வேணுமா? இப்ப எத்தன வந்திருக்கு?"

"இருபத்தெட்டு."

"ரெண்டுதானே டொக்டரம்மா! போட்டுக் குடுங்க. ஒரு மூட்ட கோவாவுக்கே நான் அதவிடக் கூட விட்டுக்குடுப்பேன்."

மரக்கறிக் கடை செல்லசாமி மேசையில் தட்டிய தட்டில் டொக்டரின் பேனா உருண்டு விழுந்தது. வெளியே நீள வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து காத்திருந்த தாய்மார் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரித் துண்டுக்கும் பேரம் பேசுறாரு பாரு," என்றாள் அவர்களில் ஒருத்தியான சுகிர்தம். "நல்லா இருக்கிறவன நோயாளியாக்கி ஏதோ உதவிப்பணம் வாங்கப் பாக்குறாரு. இவரு தராசு என்னைக்குச் சரியா நிறுத்துச்சு?"

செல்லசாமியின் காதில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் அவளை வாங்கோடு தூக்கி எறிந்திருப்பார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர் கடையில் தராசு பிடிக்கும் ஜூட்சனுக்கு வயது முப்பத்தாறு. ஒழிந்த நேரமெல்லாம் நானுஓயா ஸ்டேஷனில் நின்று ரயில் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் கொப்பியில் எழுதுவான். பத்து வருஷமாக எழுதுகிறான். யுத்த காலம். யாரோ சொல்லிக் கொடுக்க, பொலிஸ் பிடித்து மூன்று நாள் உள்ளே வைத்தது. "எதுக்கு எழுதுற?" என்று கேட்டதற்கு, "ரயில் வருதே" என்றான். அதையும் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

செல்லசாமிதான் பிணை நின்று எடுத்தார். நாளைக்குள் டொக்டர் கடிதம் வராவிட்டால் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். கொழும்புக்குப் போனவன் எப்போது திரும்புவான் என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

மனநோய் டொக்டர், "இது ஓட்டிசம் மாதிரி இருக்கு, அது சின்னப்பிள்ளைகள் கிளினிக்" என்று இங்கே தள்ளிவிட்டார். ஆகவே ஜூட்சன் முயல் படம் போட்ட குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான். யாழ்ப்பாணத்து டொக்டர் நிரூபாவிடம் இருந்ததும் சின்னப்பிள்ளைகளின் படிவம்தான்; அதில் முப்பது புள்ளி வந்தால்தான் ஓட்டிசம்.

"பிள்ளை பொம்மையளோட விளையாடுறவரோ?" என்று ஆரம்பத்தில் கேட்டிருந்தார்.

"கெடையாது!" என்றார் செல்லசாமி.

"தராசுப் படிக்கல்ல அடுக்கி வெளையாடுவேன்," என்றான் ஜூட்சன். அரைப் புள்ளி போயிற்று.

"ஆளு கண்ணயே பாக்க மாட்டான், எழுதிக்குங்க."

"டொக்டரோட மூக்குத்தியப் பாக்குறேன். அது கண்ணுக்குப் பக்கம்." இன்னும் அரை.

"வாயப் பொத்துடா!"

ஜூட்சன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இதில தாய் கையெழுத்து வைக்கவேணும். வந்திருக்கிறாவோ?"

"அது செத்து எட்டு வருசம்." செல்லசாமி படிவத்தை இழுத்து, 'தாய்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். "இப்ப அந்த ரெண்டு புள்ளி? சரி, எனக்கும் வேணாம் ஒங்களுக்கும் வேணாம், ஒண்ணரை போடுங்க."

"பொய் எழுதேலாது ஐயா," என்றார் டொக்டர். ஆனால் பேனா இருபத்தெட்டின் மேலேயே நின்றது. கொழும்பு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும்.

ஜூட்சன் வாயிலிருந்து கையை எடுத்தான். "இருபத்தெட்டுதான் சரி. நானும் கூட்டிப் பாத்தேன். முப்பதுன்னு போட்டா இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிருவேன்."

"அடேய், புடிச்சுக்கிட்டுப் போறது ஒன்னயத்தாண்டா!"

"ஆமா. ஆனா இருபத்தெட்டு."

டொக்டர் அவனையே பார்த்தார். பிறகு படிவத்தை ஓரமாகத் தள்ளினார். "இது சின்னப்பிள்ளையளின்ர கணக்கு. பெரியாளுக்குச் சரிவராது," என்று சொல்லி, வெள்ளைத்தாளில் சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதினார். சீல் குத்தி, தமிழில் வாசித்தும் காட்டினார்.

"இவருக்கு ஓட்டிசம் இருக்குது. ரயில் நேரம் எழுதுறது அதாலதான். இவருக்குப் பொய் சொல்ல வராது. இவர் சொல்லுற எதையும் நம்பலாம்."

செல்லசாமி கடிதத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி வெளியே வந்தார். "கேட்டுக்கங்க எல்லாரும்! இவன் சொல்ற எதையும் நம்பலாமாம். கவுருமெண்டு சீலு!"

விஷயம் தெரிந்ததும் சுகிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க மொதலாளி. கூடப்பொறந்தவன்கூட இப்புடி அலைய மாட்டான். இந்த அப்பாவியப் போயி பொலிசுல சொல்லிக் குடுத்தது எவன்?"

"எவனோ ஒரு நாயி!"

"நாயி இல்ல மொதலாளி, நீங்கதான்," என்றான் ஜூட்சன். "பதினேழாந் தேதி, சனிக்கெழம, எட்டு பத்து. சுகிர்தம் அக்கா வாங்குன போஞ்சி ஒரு கிலோ இல்ல, முக்காக் கிலோன்னு நான் சொன்னேன். ஒங்களுக்குக் கோவம். அக்கா போன பொறகு, லீக்ஸ் வாங்க வந்த பொலிஸ்காரர்கிட்ட 'இவன் கொப்பியக் கொஞ்சம் பாருங்க'ன்னீங்க."

வாங்கு முழுவதும் செல்லசாமியின் முகத்தைப் பார்த்தது.

"பொய்..." என்று ஆரம்பித்தார். கையிலிருந்த கடிதத்தின் சீலைப் பார்த்தார். கடிதத்தைக் கீழே இறக்கினார்.

மெதுவாகக் கேட்டார். "சும்மா ஒரு வெரட்டு வெரட்டட்டும்னுதாண்டா சொன்னேன்... தெரிஞ்சுமா இத்தன நாளு பேசாம இருந்த?"

"யாரும் கேக்கல."

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா?"

"சொல்லுவேன்."

கடிதம் அவர் கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பில் கிழிகிற தாள். செல்லசாமி அதை நாலாக மடித்தார். ஜூட்சனின் சட்டைப் பையில் வைத்து, விழாமல் இருக்க ஒரு ஊசியும் குத்தினார்.

"சொல்லு. கொறைக்காமச் சொல்லு."

"நான் எப்ப மொதலாளி கொறச்சேன்? அது நீங்கதானே."