அபூ தானூஸின் மீசை

“எழுதி வெச்சுக்க ரீமோன், இன்னிக்கு ரவாத்தை இறக்கினா நாம காலி!”

சலூனின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே அபூ தானூஸ் ஆரம்பித்துவிட்டார். உள்ளே ஒரு வாடிக்கையாளர் வெந்நீர்த் துண்டால் முகத்தை மூடி, காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். அந்தக் கால்களைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார் அபூ தானூஸ். பக்கத்தில் கூடவே வந்த ரீமோன்.

லெபனானின் ஸஹ்லே நகரில் அன்று வேறு பேச்சே கிடையாது. அவர்களுடைய அல்-வாதி கூடைப்பந்து அணி அடுத்தடுத்துத் தோற்றுத் தள்ளாடிக்கொண்டிருந்தது. மாலையில் பெய்ரூட் அணியை ஜெயித்தால் கோப்பைக்கான சுற்றில் இடம். தோற்றால் இந்த வருடம் அவ்வளவுதான்.

“ரவாத் இல்லன்னா வேற யாரு? நம்ம டீம் அமெரிக்காக்காரனுக்குக் கணுக்கால் வீங்கிக் கெடக்கு. நம்மகிட்ட உயரமா இருக்கறது இவன் ஒருத்தன்தான்” என்றார் ரீமோன்.

“உயரம் எதுக்கு, பல்பு மாட்டவா? குட்டைப் பசங்களா அஞ்சு பேரை இறக்கு. ஓடுற ஓட்டத்துல பெய்ரூட்காரனுக்கு நாக்கு தள்ளிடும்.”

“சரி, கூடைக்கு அடியில விழற பந்தை யார் எடுப்பா? உங்க மாமனாரா?”

சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த நஸீஹ் மாஸ்டர், “அபூ தானூஸ், கொஞ்சம் மெதுவா…” என்று கண்ணால் சாடை காட்டினார். அபூ தானூஸ் கண்டுகொள்ளவில்லை.

“போன ஆட்டத்தைப் பார்த்தியா இல்லியா? ஒரே பாயிண்ட்தான் பின்னாடி இருந்தோம். இவன் கையில ரெண்டு ஃப்ரீ த்ரோ. முன்னாடி தடுக்க ஒரு ஆள் கிடையாது. ரெண்டையும் கோட்டை விட்டான்! என் பொண்டாட்டி அடுப்படியிலேர்ந்து துடைப்பத்தை எறிஞ்சாகூட உள்ள விழும்.”

துண்டுக்கு அடியில் யாரோ இருமுவது கேட்டது.

“அது ஒரு நாள் சறுக்கல், பெரியவரே. போன வருஷம் நம்மளக் கரை சேத்தது யாரு? இன்னிக்கு அவன் நிப்பான், நாம ஜெயிப்போம், கோப்பையும் நமக்குத்தான். ஆண்டவர் மேல சத்தியம் பண்ணட்டுமா?”

“பந்து விளையாட்டுக்கு ஆண்டவரை இழுக்காதே. நான் பண்றேன் பார்!”

அபூ தானூஸ் எழுந்து, நுனியில் மெழுகு தடவி முறுக்கிய தன் மீசையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடன் இருக்கும் மீசை அது.

“இன்னிக்கு அவன் ரெண்டு ஃப்ரீ த்ரோவைச் சேர்ந்தாப்ல போட்டான்னா, நாளைக்குக் காலையில இதே நாற்காலியில உட்கார்ந்து இதை மழிச்சுக்கறேன்!”

சொல்லிவிட்டு விருட்டென்று வெளியே நடந்தார். மீசையைத் தொட்டுச் சொன்ன சொல்லை அந்த ஊரில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. “என்ன பெரியவரே இது…” என்று பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனார் ரீமோன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நஸீஹ் மாஸ்டர் துண்டை விலக்கினார். உள்ளே ரவாத்தின் முகம், அந்த வெந்நீரை விடச் சூடாகச் சிவந்திருந்தது.

“மனசுல வெச்சுக்காதே ஹபீபி. நீ இருக்கறது அவருக்குத் தெரியாது.”

“என்னை இன்னிக்கு இறக்காதீங்கன்னு கோச்கிட்ட சொல்லத்தான் கெளம்பினேன் மாஸ்டர். போன ஆட்டம் கண்ணுலயே நிக்குது. அதுக்கு முன்னாடி ஒரு ஷேவ் பண்ணிக்கலாம்னு வந்தேன்.” அவன் எழுந்தபோது தலை விளக்கில் இடித்தது. “இப்ப சொல்லப் போறதில்ல. எனக்கு அந்த மீசை வேணும்!”

மாலையில் அரங்கமே எழுந்து நின்றது. கடைசி நொடிகளில் அல்-வாதி ஒரு பாயிண்ட் பின்தங்கியிருக்க, பெய்ரூட்காரர்கள் ரவாத்தைத் தள்ளிவிட்டார்கள். நடுவர் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். ரவாத் கோட்டில் நின்றான். கூட்டத்தில் அபூ தானூஸைத் தேடிக் கண்டுபிடித்து, தன் மேலுதட்டை விரலால் மெதுவாகத் தடவிக் காட்டினான். பிறகு எறிந்தான். ஒன்று உள்ளே போனது. இன்னொன்றும் உள்ளே போனது. ஸஹ்லேயின் தேவாலய மணிகளைக்கூட யாரோ அடித்தார்கள்.

மறுநாள் காலை சலூன் வாசலில் கூட்டம். அபூ தானூஸ் சொன்னபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரவாத் வாசல் நிலையில் குனிந்து உள்ளே நுழைந்தான். மீசையில் சோப்பு நுரையோடு அவரைப் பார்த்ததும் அவனுடைய கோபம் கரைந்துவிட்டது.

“வேணாம் பெரியவரே. நான் மன்னிச்சுட்டேன், எழுந்திருங்க.”

“நீ மன்னிச்சா? கொடுத்த வாக்கு என்னாகறது? போடா, போய்ப் பயிற்சி பண்ணு. கோப்பையைத் தூக்கிட்டு வந்து பேசு!”

அவன் சிரித்துக்கொண்டே போனான். கூட்டமும் அவன் பின்னால் போனது. கத்தி இரண்டு முறை வழுக்கியதும் மீசை தரையில் விழுந்தது. நஸீஹ் மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை.

“நேத்து நீங்க கத்தினப்ப அவன் இந்த நாற்காலியிலதான் இருந்தான். நான் எவ்வளவு சாடை காட்டினேன், நீங்க பார்க்கவே இல்லியே!”

அபூ தானூஸ் வெறும் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“நேத்துக் காலையில அவன் அம்மா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு அழுதா மாஸ்டர். ஊரே தோள்ல தட்டிக் கொடுத்தும் புள்ள நிமிரல, ஆட்டத்தையே விடப் போறான்னு சொன்னா. உன் கண்ணாடிக் கதவு வழியா சுவர் வரைக்கும் நீண்டு கெடந்த அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் நான் வாயையே திறந்தேன்.”